பெயர் சொல்லாத ஜெபம்

நான் பெயர் சொல்லவில்லை. ஒன்றரை மாதமாக இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் சொன்னேன். பராமரிப்பு வேலைக்குப் போகும் வீடுகளில், வயோதிபர்களுக்குக் காலுறை மாட்டிவிட்டபடி சொன்னேன். பெயரை வெளியே விடாமல் மற்றவர்களுக்காக ஜெபிக்கத் தெரிந்தவள் என்றுதான் சபையில் என்னை மதித்தார்கள். அதனால்தான் என்னிடம் வந்து மனம் திறந்தார்கள்.

எங்கள் சபைப் பெண்கள் புதன்கிழமைகளில் பகல் பன்னிரண்டு மணிக்குத் தொலைபேசியில் கூடுவோம். உபவாச ஜெபம். ஒரு எண்ணை அழுத்தினால் எல்லோரும் ஒரே லைனில் வந்துவிடலாம். மோர்டனில் இருந்து, ஸ்ட்ரெதமில் இருந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்க்கிங் என்ற ஊரில் இருந்துகூட. ஒருத்தி வேலையிடத்துக் கழிவறைக்குள் நின்று கேட்பாள். ஒருத்தி பஸ்ஸில் இருப்பாள், அடுத்த நிறுத்தத்தின் பெயரும் எங்கள் ஸ்தோத்திரத்தோடு சேர்ந்து வரும். மியூட் போட மறந்த யாராவது மகனை ஏசுவது முழுச் சபைக்கும் கேட்கும். ஆறு வருடமாக அந்த லைனை நடத்தியது நான். அதற்காகவே வேலையில் புதன்கிழமையை ஓய்வு நாளாகக் கேட்டு வாங்கியிருந்தேன்.

பிரான்சில் இருந்து நாங்கள் இங்கே வந்த புதிதில் எனக்கு ஆங்கிலமும் வராது, ஆட்களும் இல்லை. இந்தச் சபையில்தான் நான் பேசினால் நாலுபேர் கேட்டார்கள். ஜெபிக்கும்போது என் குரல் மாறும். அது எனக்கே கேட்கும். அதை ஒரு வரம் என்று சொன்னார்கள், நானும் நம்பினேன்.

லோஜினி சபைக்கு வந்து மூன்று வருடம். அவளுடைய கணவன் சயந்தன் டெலிவரி வான் ஓட்டியவன். போன வருடம் குடித்துவிட்டு ஓட்டி, வீதியைக் கடந்த ஒரு முதியவரை அடித்துவிட்டான். அவர் இறந்துவிட்டார். சயந்தனுக்கு ஐந்து வருடச் சிறை. லோஜினி எல்லோருக்கும் அவன் கனடாவில் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொன்னாள். எட்டு வயது மகள் கம்சிகாவுக்கும் அப்படியே சொன்னாள். உண்மை தெரிந்தது இரண்டு பேருக்கு. ஒன்று நான். மற்றது ரமா, அவர்கள் தெருவில் இருக்கும் தமிழ்க் கடையில் கல்லாவில் நிற்பவள். புதன்கிழமைகளில் லோஜினி ரயிலேறிச் சிறைக்குப் போய்வருவாள். அந்த நாட்களில் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது ரமா.

அதனால் அவன் சிறைக்குப் போன பிறகு லோஜினி புதன்கிழமை லைனில் இருந்ததே இல்லை. இதையும் நான் பிறகுதான் எனக்கு ஒப்புக்கொண்டேன்: அவள் இல்லை என்பது ஜெபிக்கும்போது எனக்குத் தெரிந்திருந்தது.

ஜனவரி நடுவில் ஒரு புதன். லைன் செத்துக் கிடந்தது. நான் பரீட்சைகளுக்காக ஜெபித்தேன், விசாவுக்காக, முழங்கால்களுக்காக ஜெபித்தேன். ஒரு ஆமெனும் வரவில்லை. முப்பத்திமூன்று பேர் என்று போன் காட்டியது, முப்பத்திமூன்று பேரும் எங்கேயோ கழுவித் துடைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது. அப்போது, "சுவர்களுக்குள் இருக்கிற ஒரு தகப்பனை நினைத்தருளும் ஆண்டவரே" என்றேன். எங்கேயோ ஒரு ஆமென் கேட்டது. நான் மூச்சு எடுத்தேன். "அவன் கனடாவில் இருக்கிறான் என்று நம்பி, இப்போது அங்கே என்ன நேரம் என்று பார்த்துவிட்டுப் படுக்கப் போகிற அந்தச் சின்ன மகளை நினைத்தருளும்."

ஒருத்தி விம்மினாள். பிறகு இன்னொருத்தி. மியூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. லைன் முழுக்க அழுகையும் ஸ்தோத்திரமும். என் நெஞ்சுக்குள் சூடாக ஏதோ இறங்கியது. ஆவியானவர் என்று அன்றைக்கு நினைத்தேன். பிற்பகல் முழுக்க அந்தச் சூட்டோடு வீடு கூட்டினேன், துணி மடித்தேன், பாடினேன்.

இரண்டு கிழமை கழித்துச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில், இடைவேளையில், ஒரு பையன் கம்சிகாவிடம், "உங்கட அப்பா கனடாவில இல்லையாம், ஜெயிலிலயாம்" என்று சொல்லியிருக்கிறான்.

லோஜினி எனக்குத்தான் முதலில் போன் எடுத்தாள். அழுகையில் பாதி விளங்கவில்லை. "ரமாக்காதான். வேற ஆருக்கு அக்கா தெரியும்? உங்களுக்கும் அவவுக்கும்தானே. கடையில நிண்டு வாறவை போறவையோட முழுக்கக் கதைக்கிற வாய். நான் அவவுக்குச் சொல்லியிருக்கவே கூடாது. இனி என்ர வாசலுக்கு வரவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பது அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்தது. "கர்த்தர் பார்த்துக்கொள்ளுவார் பிள்ளை" என்றேன். பிறகு போனிலேயே அவளுக்காக ஜெபித்தேன்.

பெப்ரவரி முதலாம் ஞாயிறு திருவிருந்தில் அப்பம் எடுத்தேன். அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளுக்குள் பார்த்துக்கொள்ளச் சொல்லும் அந்த ஒரு நிமிடத்தில், என் வழக்கமான பட்டியலைச் சொன்னேன்: கோபம், பொறுமையின்மை, மகள் சாருஜாவோடு போனில் எரிந்து விழுந்தது. பட்டியல் முடிந்ததும் பாட்டுத் தொடங்கியது. நல்ல நேரத்தில் தொடங்கியது என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

மார்ச்சில் அது நடக்கவில்லை. தட்டு என்னிடம் வந்தது. சின்னப் பிளாஸ்டிக் கோப்பைகள், அரைவிரல் அளவு அப்பத் துண்டுகள். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஒரு குரலும் கேட்கவில்லை. "கனடா" என்று சொல்வதற்கு முன்னால் நான் மூச்சு எடுத்த அந்த இடம்தான் நினைவுக்கு வந்தது. ஒரு நொடிகூட இல்லை. அந்த நேரத்துக்குள் எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. யாருடைய கதை என்று கண்டுபிடிப்பார்கள் என்று தெரியும். அழுவார்கள் என்றும் தெரியும். இரண்டையும் நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறந்தேன். தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

ஆராதனை முடிந்து, வாடகைக்கு எடுத்த அந்தப் பள்ளி மண்டபத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பாஸ்ரர் மேர்வின் காகிதத் தட்டோடு நின்றார்.

"பாஸ்ரர், ஒரு விஷயம் கதைக்கோணும்."

"சொல்லுங்கோ சிஸ்டர். றோல்ஸ் எடுத்தனீங்களோ? சூடாயிருக்கு."

சொன்னேன். அவர் தட்டைப் பியானோவின் மேல் வைத்தார்.

"லோஜினிக்குத் தெரியுமோ?"

"இல்லை."

அவருடைய தோள் கொஞ்சம் இறங்கியது. "அப்ப இதைக் கர்த்தரோட முடிச்சுக்கொள்ளுங்கோ. மன்னிப்புக் கேட்டுட்டீங்கள்தானே?"

"ஒவ்வொரு நாளும் கேக்கிறன்."

"ஒருக்காக் கேட்டாலே காணும். திரும்பத் திரும்பக் கிண்டுறது ஆர் தெரியுமோ? சத்துரு. முப்பது பேர் உங்கட குரலை நம்பி வருகினம். நீங்கள் போய்ச் சொன்னா அந்தப் பிள்ளை சபையை விட்டுப் போயிடும், லைனும் உடைஞ்சிடும். ஆருக்கு நன்மை?"

"ரமாவை அநியாயமாப் பழி சொல்லுகினம், பாஸ்ரர்."

"ரமா எண்டது ஆர்? எங்கட ஆளோ?"

"இல்லை. கோயிலுக்குப் போறவ."

அவர் தட்டைத் திரும்ப எடுத்தார். அவரை நான் குறை சொல்ல வரவில்லை. அவர் சொன்னது எல்லாவற்றையும் அவருக்கு முன்பே நான் எனக்குச் சொல்லிப் பார்த்திருந்தேன், அவரைவிட நன்றாக.

வெளியே என் கணவர் ஜீவரத்தினம் வானுக்குள் காத்திருந்தார். அவருக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை. சபைக்குள் வரமாட்டார். கொண்டுவந்து இறக்குவார், ஏற்றிப் போவார், "உங்கட ஆக்கள் இண்டைக்கு ஓவர்டைம்" என்பார். வழியில் அவருக்கும் சொன்னேன்.

"பாஸ்ரர் என்ன சொன்னவர்?"

"ஆண்டவர் மன்னிச்சிட்டாராம்."

"பிறகேன் நீர் முகத்தை உப்பிடி வைச்சிருக்கிறீர்?"

"லோஜினி மன்னிக்கேல்லை."

"அவளுக்குத் தெரியாதே. தெரியாத ஒண்டை எப்பிடியப்பா மன்னிக்கிறது?" சிவப்பு விளக்கில் நிறுத்தினார். "எனக்கு உந்த வேதம் விளங்காது. டைல்ஸ் விளங்கும். அடியில ஈரமெண்டா, மேல எந்தப் பசை போட்டாலும் கழண்டுதான் வரும்."

இதை ஒரு புதன்கிழமை லைனில் சொல்லலாமே என்று உடனே தோன்றியது. எந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும் என்றுகூடத் தெரிந்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது.

"லோஜினி வீட்டை விடுங்கோ" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், இண்டிகேட்டரைப் போட்டார். அவ்வளவுதான்.

லோஜினியின் பிளாட் மோர்டனில் ஒரு முடி வெட்டும் கடைக்கு மேலே. சமையலறையும் சாப்பாட்டு மேசையும் ஒரே அறையில். லோஜினி சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். கம்சிகா மேசையில் ஏதோ நிறம் தீட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "ஹலோ அன்ரி" என்றாள், பிறகு தாயிடம் திரும்பினாள்.

"அம்மா, நாளைக்கு எத்தினை மணிக்கு வருவீங்கள்?"

"மூண்டே காலுக்குக் கேற்றில நிப்பன் செல்லம்."

"ரியலி? காட்டுங்கோ."

லோஜினி கையைத் துடைத்துவிட்டு, போனில் வேலை அட்டவணையைத் திறந்து காட்டினாள். பிள்ளை விரலால் திங்கட்கிழமையைத் தேடி, ஷிப்ட் முடியும் நேரத்தை வாசித்துப் பார்த்து, சரி என்று தலையாட்டி, படத்தையும் பென்சில்களையும் எடுத்துக்கொண்டு அறைக்குப் போனது.

"எல்லாத்துக்கும் இப்பிடித்தான்" என்றாள் லோஜினி. "கோழிக்கறி எண்டு சொன்னாலும் சட்டியைத் திறந்து பாக்குது. இருங்கோ அக்கா, தேத்தண்ணி போடுறன்."

"வேண்டாம். லோஜினி, ரமா ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நான்தான்."

"என்ன நீங்கள்தான்?"

"லைன்ல. ஜெபத்தில. பேர் சொல்லேல்லை. ஆனா கனடா எண்டு சொன்னனான்."

அவள் குழாயைப் பூட்டினாள். சட்டியை ஈரத்தோடு அப்படியே அடுப்பில் வைத்தாள்.

"எத்தினை பேர் இருந்தவை?"

"முப்பத்திமூண்டு."

"அழுதவையோ?"

"ஓம்."

"நல்ல ஜெபம்தான் அப்ப." அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள். "அண்டைக்கு நான் போனெடுத்து ரமாக்கா எண்டு சொல்லேக்க நீங்கள் எனக்கு ஜெபம் செய்தனீங்கள். அதில ரமாக்காவை ஆண்டவர் மன்னிக்கோணும் எண்டும் கேட்டனீங்கள். ஞாபகம் இருக்கோ?"

இருக்கவில்லை. அவள் சொன்ன பிறகுதான் வந்தது. அந்த வாக்கியம் முழுதாக வந்தது, அதற்கு நான் கொடுத்திருந்த இரக்கமான குரலோடு.

"ஏன் இப்ப வந்தனீங்கள்?" என்றாள். "இண்டைக்கு முதலாம் ஞாயிறு. ஷிப்டால நான் வரேல்லை. அப்பம் எடுத்தனீங்களோ?"

"இல்லை."

"அடுத்த மாசம் எடுக்கிறதெண்டா நான் மன்னிச்சிட்டன் எண்டு சொல்லோணும். அதுக்குத்தானே?"

"அப்பிடி இல்லை, பிள்ளை" என்றேன். அவள் காத்திருந்தாள். "ஓம்" என்றேன்.

"வந்ததுக்கு இப்பதான் ஒரு உண்மை சொன்னீங்கள்."

"நான் லைன்ல எல்லாருக்கும் முன்னால சொல்லி மன்னிப்புக் கேக்கிறன், லோஜினி."

"ஐயோ, வேண்டாம்!" முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. உடனே அறைப் பக்கம் பார்த்துத் தணித்துக்கொண்டாள். "அதுவும் என்ர கதைதானேயக்கா. திரும்பவும் அழுவினம். உங்களை நல்லவ எண்டு சொல்லுவினம். பெரிய தாழ்மை எண்டுவினம். எனக்கு என்ன வரும்?" சட்டியின் பக்கம் திரும்பினாள். "பிழை என்னிலயும்தான். பிள்ளைக்குப் பொய் சொன்னது நான். உண்மையை நான் என்ர வாயால சொல்லியிருக்கலாம். சொல்லுறதுக்குத்தான் இருந்தனான், அதுக்கு ஒன்பது வயசு வரட்டும் எண்டு. அதை எடுத்துப்போட்டீங்கள்."

நான் அழத் தொடங்கினேன். அவள் அழவில்லை. கண் துடைக்க ஒரு தாளைக்கூட நீட்டவில்லை, அது நியாயம்தான்.

"ரமாக்காவிட்டப் போய்ச் சொல்லுங்கோ. நான் அவவைக் கேட்ட கேள்விக்கு எனக்கு அவவின்ர முகத்தில முழிக்க ஏலாது. மற்றது..." கதவு வரை வந்தாள். "எனக்காக இனி ஜெபிக்க வேண்டாம். லைன்ல மட்டுமில்லை. வீட்டில தனிய இருந்தும் வேண்டாம்."

அடுத்த நாள் வேலை முடிந்து ரமாவின் கடைக்குப் போனேன். பின்னேரம், ஆட்கள் குறைவு. ரமா கறிவேப்பிலைப் பைகளை அடுக்கிக்கொண்டு, பின்னால் நின்ற முதலாளியோடு ஏதோ பகிடி விட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது. அவளுக்கு நான் லோஜினியின் பக்கம் நிற்கிற ஆள்.

சொன்னேன். இந்தத் தடவை பெயர் சொல்லவில்லை என்பதை விட்டுவிட்டுச் சொன்னேன்.

"ஓ" என்றாள். "நீரோ. நான் இந்தக் கடைக்கு வாற அரைவாசிச் சனத்தைச் சந்தேகப்பட்டுப்போட்டன். என்ர மனுசனையும்தான். இரவு நித்திரையில புலம்பினனோ எண்டு அவரைக் கேட்டனான்." சிரிக்கப் பார்த்தாள். "உம்மை மட்டும் நினைக்கேல்லை. நீர் சாமியாரம்மா எல்லோ."

"மன்னியும் ரமா."

ஒரு பெண் பாலும் பாணும் கொண்டுவந்து வைத்தாள். ரமா அவளுடைய மாமியாரின் சத்திரசிகிச்சை எப்படிப் போனது என்று விசாரித்து, அனுப்பிவிட்டுத் திரும்பினாள்.

"எனக்கு வாய் நீளம் எண்டு எல்லாருக்கும் தெரியும்" என்றாள். "அதால என்னை நம்பி ஒருத்தரும் ஒண்டும் சொல்லுறேல்லை. அந்தப் பிள்ளை ஒருத்திதான் சொன்னவள். எனக்கு அது எப்பிடி இருந்ததெண்டு உமக்கு விளங்காது. நான் கல்லாவில நிண்டு, நாக்கைக் கடிச்சுக்கொண்டு, எட்டு மாசம் வைச்சிருந்தனான்."

"லோஜினிக்கு உம்மைப் பாக்க வெக்கமாயிருக்கு. நீர் போனா..."

"நான் போகமாட்டன்." கறிவேப்பிலைக்குத் திரும்பினாள். "அவள் வந்து கேட்டா வேற கதை. புதனுக்குப் பிள்ளையை இப்ப ஆர் கூட்டிவாறது?"

"பள்ளிக்கூடத்திலயே அஞ்சரை வரைக்கும் விடுறாள்."

"அங்க குடுக்கிற பாணை அது தின்னாது" என்றாள் ரமா. நான் நின்று பார்த்தேன். அவள் பைகளை அடுக்கி முடித்து, முடித்ததையே திரும்பக் கலைத்து அடுக்கினாள்.

லைனை நடத்தமாட்டேன் என்று பாஸ்ரருக்குச் செய்தி அனுப்பினேன். எனக்குச் சுகமில்லை என்று அறிவிப்பதாகப் பதில் வந்தது. பொய்தான். திருத்தவில்லை.

புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தேன். ஆறு வருடத்தில் அந்த மணிக்கு நான் தனியாக இருந்ததில்லை. "பரலோகப் பிதாவே" என்றேன். என் குரல் எழுந்து, விரிந்து, லைனுக்கு எடுக்கிற குரலாக வந்தது. நிறுத்தினேன். மெதுவாகத் தொடங்கினேன். அதுவும் யாரோ கேட்பதற்காக மெதுவாகச் சொன்னது போலவே இருந்தது. வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அங்கேயும் சொற்கள் வரிசையாக, ஏற்ற இறக்கத்தோடு வந்து நின்றன, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு.

எல்லாவற்றையும் அனுப்பிவிட்டால் என்ன மிஞ்சும் என்று பார்த்தேன். லோஜினியின் பெயர் வந்தது, அதற்கு எனக்கு அனுமதி இல்லை. பிள்ளையின் விரல் போனில் திங்கட்கிழமையைத் தேடியது வந்தது, அதை எடுத்து ஆண்டவரிடம் கொடுக்கவும் எனக்கு உரிமை இல்லை. ரமாவுக்காக ஒருமுறை ஏற்கனவே கேட்டுவிட்டேன். பிறகு நான் மட்டும் இருந்தேன். எனக்காக என்ன கேட்பது என்று தெரியவில்லை. மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லிப் பார்த்தால், அதன் பின்னால் அப்பத் தட்டுத்தான் தெரிந்தது.

ஒருவேளை நான் ஒருநாளும் ஜெபித்ததே இல்லையோ என்று அப்போது நினைத்தேன். இருபது வருடம். அதைக் கண்ணீரில்லாமல் நினைத்தேன். யாரும் பார்க்காததால் கண்ணீர் வரவில்லையோ என்றும் நினைத்தேன். இப்படியே ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது, தரை வரவில்லை.

முழங்கால் வலி என்று வேலைக்குப் போகாமல் நின்ற ஜீவரத்தினம் நொண்டிக்கொண்டு வந்து கேத்திலைப் போட்டார். மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு மணி தாண்டியிருந்தது.

"முடிஞ்சுதோ?" என்றார்.

"தொடங்கேல்லை."

அவர் என்ன விளங்கிக்கொண்டார் என்று தெரியாது. தனக்கு மட்டும் தேநீர் ஊற்றினார். என் பக்கமாக விசுக்கோத்துப் பெட்டியைத் தள்ளிவிட்டு, உபவாசம் என்று ஞாபகம் வந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

நான் எழும்பவில்லை.